உழைத்த உடம்பு ஏன் முந்திப் போனது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். தாத்தா சர்க்கரையோடு 91 வயது வரை இருந்தார். சிறு வயது முதல் எங்கள் வயலில் வேலை பார்த்தவர், போன மாதம் 57 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, நாள் முழுக்க உழைப்பு. உழைக்கிறவனை நோய் அண்டாது என்பார்களே, இது எப்படி டாக்டர்?

பதில்: ஒல்லியாக இருந்தால் சர்க்கரையும் பிரஷரும் வராது என்ற நம்பிக்கை டெல்டாவில் இன்னும் போகவில்லை. தாராளமாக வரும். தாத்தா சாயங்காலம் பாமணி ஆற்றங்கரையில் காலாற நடந்திருப்பார், களைத்தால் உட்கார்ந்திருப்பார். குறுவைக்கு ஆனி வெயிலில் குனிந்து நாற்று பறிப்பவர் நினைத்த நேரத்தில் உட்கார முடியாது. தண்ணீர்கூடக் குடிக்காமல் வேர்த்துக்கொண்டே இருந்தால் சிறுநீரகமும் கெடும்.

என்னிடம் வரும் கூலிக்காரர்கள் பலர் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறார்கள். கேட்டால், "அறுப்பு முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன் சார்" என்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்குக் காசில்லைதான். ஆனால் அதை வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சே! சர்க்கரையில் கால் மரத்துப்போன ஒருவருக்குச் சேற்றில் நத்தை ஓடு கிழித்திருந்தது. வீங்கிய பிறகுதான் கவனித்தார். மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி வயலில் இறங்கிவிட்டார். வந்தபோது விரல் கறுத்திருந்தது. இதே காயம் உங்கள் வீட்டில் யாருக்காவது பட்டிருந்தால் அன்றைக்கே கட்டுப்போட்டிருப்பீர்கள்.

மாரடைப்பும் அப்படித்தான். நெஞ்சு வலித்தால் உங்கள் வீட்டில் காரை எடுப்பார்கள், போகிற வழியிலேயே டாக்டராக இருக்கும் ஒரு சொந்தக்காரருக்குப் போன் போடுவார்கள். இறந்துபோனவர் மாதிரி கூலிக்காரர் வீட்டில் வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பார்கள். நிலமும் சாதியும் பின்னிக் கிடக்கும் நம் ஊர்களில், யாரைக் கூப்பிட முடியும் என்பதுகூடப் பிறந்த தெருவைப் பொறுத்தது.

ஒருவர் சாவை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. 57-இல் போன மிராசுதாரும் உண்டு, 90 தாண்டிய நடவுப் பாட்டியும் உண்டு. கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு தெரியும். அமெரிக்காவில் 2001 முதல் 2014 வரையிலான கணக்கில், பெரும் பணக்கார 1 சதவீத ஆண்கள் பரம ஏழை 1 சதவீதத்தினரைவிட 14.6 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

இது ஏழைகள் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். லண்டனில் 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில் இருந்தவர்கள் எல்லோருமே மாதச் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர்கள். அங்கேயே கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட மூன்று மடங்கு. புகை, பிரஷர், கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் அதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதும் இதயத்தைப் பாதிக்கும் என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்லின.

இங்கே 108 இருக்கிறது, முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தப் பாதி மாத்திரைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நோய் இருப்பது தெரிந்து, பெயர் பதிந்தால்தான் மாத்திரை வரும்.

இறந்தவருடைய மனைவியும் உங்கள் வயலில்தான் நடவுக்கு வருவார் என்று நினைக்கிறேன். இந்த வாரமே அவருக்குப் பிரஷரும் சுகரும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள்.