ஏழு கறி சாப்பிட்டால் "போதும்" என்று மூளைக்கு யார் சொல்வது?

"காவடி முடிந்து இலையில் ஏழு கறி சாப்பிடுகிறோம். எழுந்து கால் மணி நேரம் கழித்துத்தான் வயிறு நிறைந்தது தெரிகிறது, ஏன்?" என்று ரோஸ் ஹில்லிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மொரீஷியஸில் நம் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள அனுபவம்தான்.

இரைப்பை விரிவதை நரம்பு உடனே சொல்லிவிடும். ஆனால் என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்பவை குடல் ஹார்மோன்கள். பருப்பும் எண்ணெயும் சிறுகுடலில் இறங்கின பிறகே அங்குள்ள செல்கள் கோலிசிஸ்டோகைனினைச் சுரக்கின்றன. தாமதம் அங்கேதான். அப்புறம் அது மூளை வரை போக வேண்டியதில்லை. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனிகள் குடல் சுவரிலேயே இருக்கின்றன. அவற்றின் ஏற்பியில் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) அது பொருந்தியதும், நரம்பு மின்துடிப்பாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. வேகஸ் இழைகளில் சுமார் 80 சதவீதம் இப்படி மேல்நோக்கிச் செய்தி கொண்டுபோகிறவை என்பது எனக்கு இன்னமும் வியப்பு.

ஜிஎல்பி-1 என்ற இன்னொரு குடல் ஹார்மோன் ரத்தத்தில் இரண்டே நிமிஷத்தில் பாதியாகிவிடும். எனவே பெரும்பாலும் பக்கத்து நரம்பிடமே பேசுகிறது. நம் தீவில் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் இதையும் சொல்கிறேன்: சர்க்கரை நோய்க்குப் போடும் செமாக்ளூடைட் ஊசி மருந்து ஜிஎல்பி-1இன் அதே ஏற்பியில்தான் ஒட்டுகிறது, ஆனால் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் நுழையாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு தளர்ந்த இடங்களில் அது மூளையையே நேராகத் தொடுகிறது.

பசியைக் கிளப்பும் ஹார்மோனான கிரெலின் இவற்றுக்கு நேர்மாறு. 1999இல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். காலி இரைப்பையில் சுரந்து, மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் பசியைத் தூண்டும். வழக்கமான சாப்பாட்டு நேரத்தில் ஏறும். சாப்பிடாவிட்டாலும் தானே இறங்கும். விரத நாளில் மதியப் பசி கொஞ்ச நேரத்தில் அடங்க அதுவும் ஒரு காரணம்.