லினக்ஸில் இயங்காத யூஎஸ்பி ரேடியோ ட்யூனர்: பொருளில் பழுதா, டிரைவரில் சிக்கலா?

கேள்வி: கணினி வழியாக வானொலி அலைகளைப் பெறுவது பற்றிக் கற்றுக்கொள்ள, ஆர்டிஎல்2832யூ சிப் கொண்ட யூஎஸ்பி ட்யூனர் ஒன்றை இணைய அங்காடியில் வாங்கினேன். உபுண்டு என்ற லினக்ஸ் வகை உள்ள மடிக்கணினியில், அதற்கான மென்பொருளை மூலநிரலிலிருந்து நானே தொகுத்து நிறுவினேன். ஆனால் சோதனைக் கட்டளையான ஆர்டிஎல்_டெஸ்டை இயக்கினால், 'யூஎஸ்பி கிளெய்ம் இன்டர்ஃபேஸ் எர்ரர் -6' என்று வந்து நின்றுவிடுகிறது. 'லினக்ஸுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்கிறார் விற்பனையாளர். திருப்பி அனுப்புவதற்கான கெடு முடியப் போகிறது. அனுப்பிவிடலாமா?

பதில்: இன்னும் அனுப்ப வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் செய்தி பழுதுக்கு அறிகுறி அன்று. கருவி ஏற்கெனவே வேறொரு டிரைவரின் (கருவியை இயக்கும் மென்பொருளின்) பிடியில் இருக்கிறது என்பதே -6 என்ற எண்ணுக்குப் பொருள். ஆர்டிஎல்2832யூ, டிவிபி-டி என்ற டிஜிட்டல் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பெறுவதற்காக ரியல்டெக் நிறுவனம் தயாரித்த சிப். அதிலிருந்து 8 பிட் மாதிரிகளை (அலையின் எண் வடிவ அளவீடுகளை) நேரடியாகக் கணினிக்குக் கொண்டுவரலாம் என்பது 2012இல் பரவலாகத் தெரியவந்த பிறகே ஆர்வலர்கள் அதை ரேடியோவாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோ இன்றும் அதைத் தொலைக்காட்சிக் கருவியாகவே கருதி, செருகியவுடன் தன் டிவிபி டிரைவரை ஏற்றிவிடுகிறது. நீங்கள் தொகுத்த மென்பொருளுக்கு அதன் பிறகு இடமில்லை.

டெர்மினலில், ஏற்றப்பட்டுள்ள டிரைவர்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளையை இயக்கினால், 'டிவிபி_யூஎஸ்பி' என்று தொடங்கி 'ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யூ' என்று முடியும் ஒரு பெயர் தென்படும். அந்தப் பெயரை அப்படியே எடுத்து, அதற்கு முன்னால் 'பிளாக்லிஸ்ட்' என்ற சொல்லைச் சேர்த்து, ஈடிசி அடைவுக்குள் இருக்கும் மாட்புரோப்.டி கோப்புறையில் ஒரே வரியாக ஒரு கோப்பில் எழுதிச் சேமியுங்கள். கோப்பின் பெயர் '.கான்ஃப்' என்று முடிய வேண்டும். முடியாவிட்டால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. பலர் மணிக்கணக்கில் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிறகு கருவியைக் கழற்றிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, மீண்டும் செருகிச் சோதியுங்கள்.

இப்போது -6 போய் -3 வந்தால் மனம் தளர வேண்டாம். அது அனுமதிச் சிக்கல். சூடோவுடன் (நிர்வாகி அனுமதியோடு) இயக்கும்போது வேலை செய்தால் அது உறுதியாகிவிடும். எப்போதும் சூடோவிலேயே ஓட்டிக்கொண்டிருப்பது நல்ல பழக்கம் அன்று. மூலநிரலுடன் வரும், கருவிக்கான அனுமதியைக் குறிப்பிடும் யூடெவ் விதிக் கோப்பை ஈடிசி அடைவின் கீழுள்ள யூடெவ் விதிகள் கோப்புறையில் சேர்த்துவிட்டுக் கருவியை மீண்டும் செருகுவதே முறையான தீர்வு.

சோதனை ஓடத் தொடங்கியதும், ஆர்டிஎல்2832யூவுடன் இணைந்து அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனர் சிப்பாக எது கண்டறியப்பட்டது என்பதைத் திரையில் ஊன்றிப் படியுங்கள். விளம்பரத்தில் ஆர்828டி என்று போட்டுவிட்டு ஆர்820டி உள்ள கருவியை அனுப்பியிருந்தால், அந்த வரியே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். உண்மையிலேயே ஆர்828டி கொண்ட, 2023இல் வெளிவந்த ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் கருவியின் நான்காம் பதிப்பாக இருந்தால், பழைய ஆர்டிஎல்-எஸ்டிஆர் நூலகம் அதற்குப் போதாது. அந்தப் பதிப்பை ஆதரிக்கும் புதிய நூலகத்தைத் தொகுத்த பிறகே கருவியின் தரத்தை மதிப்பிட வேண்டும். 'லாஸ்ட் அட் லீஸ்ட்' என்று பைட்டுகள் தொலைவதாகச் செய்தி வந்துகொண்டிருந்தால், யூஎஸ்பி ஹப்பை நீக்கிவிட்டு மடிக்கணினியிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். கருவி தொட்டால் சுடுவது இயல்பானதே.

எந்தப் போர்ட்டில் செருகினாலும், வேறொரு கணினியில் செருகினாலும், இணைந்துள்ள யூஎஸ்பி கருவிகளைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் பட்டியலில் கருவி தென்படவே இல்லை என்றால், அல்லது தொலைக்காட்சி டிரைவரை விலக்கிய பிறகும் ட்யூனர் சிப் எதுவும் கண்டறியப்படவில்லை என்றால், அது பொருளின் குறை. தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 'லினக்ஸுக்குப் பொறுப்பல்ல' என்ற பதில் இந்த இரண்டு நிலைகளுக்கும் பொருந்தாது. ஆனால் டிரைவர் மோதலை மட்டும் காட்டி அதைப் பழுது என்று வாதிடுவதும் நியாயம் ஆகாது.

கெடு முடிவதற்குள் இந்தச் சோதனைகளை முடித்து, குறை உறுதியானால் எல்எஸ்யூஎஸ்பி, ஆர்டிஎல்_டெஸ்ட் இரண்டும் காட்டுபவற்றை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து, விளம்பரப் பக்கத்தின் படத்தோடு சேர்த்து எழுத்து மூலம் கோரிக்கை அனுப்புங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம்.