பேர்மிட் காணியும் லீவுக் கடிதமும்

களுதாவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஐயா, எங்கட பக்கம் காணிக்குப் பேர்மிட், மணலுக்குப் பேர்மிட், மாடு ஏற்றவும் பேர்மிட். மோட்டார்சைக்கிள் ஓட மட்டும் ஏன் லைசன்ஸ்? இரண்டும் அனுமதிதானே?

அனுமதிதான் தம்பி. ஆங்கிலத்திலேயே இரண்டுக்கும் நடுவில் இறுக்கமான வேலி கிடையாது. பொதுவாக, ஒரு தொழிலையோ செயலையோ செய்ய ஆளுக்குக் கொடுப்பது லைசன்ஸ், இந்த இடத்தில், இவ்வளவு காலத்துக்கு, இவ்வளவுதான் என்று அளந்து விடுவது பேர்மிட். ஆனால் மணலை எடுத்துக்கொள்ளுங்கள், இலங்கையின் 1992ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி மணல் அகழக் கொடுக்கும் கடதாசி லைசன்ஸ்தான், இருந்தும் ஆற்றங்கரையில் உழவு இயந்திரத்தோடு நிற்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள், "பேர்மிட் இருக்கு" என்றுதான் சொல்வார்.

காணி விஷயத்தில் நம் ஆட்கள் பிசகவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், அரச காணியை ஒருவருக்குக் கொடுக்கும் அந்தக் கடதாசி பேர்மிட்டேதான், தமிழில் உத்தரவுப்பத்திரம். இந்தத் தமிழ்ச் சொல் எனக்குப் பிடித்தது. உத்தரவு என்றால் கட்டளை, உத்தரவு என்றால் அனுமதியும் கூட, "உத்தரவு தாங்க, போயிற்று வாறன்" என்று பழைய ஆட்கள் எழும்புவார்களே, அந்த உத்தரவு. பேர்மிட்டும் அப்படித்தான், விடுகிறது, விடும்போதே நிபந்தனையும் போடுகிறது. என் பெரியப்பாவின் பேர்மிட் படுவான்கரை வீட்டில் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் நாலாக மடித்துக் கிடந்தது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து அழிந்து போய். பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணி சேர வேண்டிய ஆள், யாரென்று அவர் பதியவே இல்லை, அவர் போன மறுகா பிள்ளைகள் நாலு பேரும் எத்தனை தரம் பிரதேச செயலகத்துக்கு நடந்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும். பேர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்றாலும் செல்லாது. சொல்லின் பொருள் கேட்டவருக்குக் காணிச் சட்டம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். பேர்மிட் என்ற சொல்லின் வேர் இலத்தீன், 'ஊடாக' என்பதும் 'விடு, அனுப்பு' என்பதும் சேர்ந்தது, நாம் "போக விடு" என்கிறோமே, அதே விடு. கடதாசியைச் சொல்லும்போது அழுத்தம் முன்னால் விழும், அதனால்தான் நம் வாயில் அது பே என்று நீண்டிருக்கிறது. 'அனுமதி' என்று வினையாகச் சொல்லும்போது அழுத்தம் பின்னால் போய் மிட்டில் விழ வேண்டும், "பமிட்" என்பதுபோல. பேச்சில் இந்த வினையை அதிகம் பாவிக்காதீர்கள், அறிவித்தல் பலகைக்குரிய சொல் அது, வீட்டில் அலவ் போதும், அதைவிட லெட் இன்னும் நெருக்கம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "அலவ் மீ டு கோ" சரி, பேர்மிட்டுக்கும் அதே டு வேண்டும், ஆனால் "லெட் மீ டு கோ" பிழை. லெட்டுக்குப் பின்னால் டு வராது.

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் ஆசிரியை: லீவ் என்றால் விட்டுப் போவது. அது எப்படி விடுமுறை ஆனது?

ஆகவில்லை ரீச்சர், அவை வேறு வேறு வேரிலிருந்து வந்து ஒரே உருவமாகிவிட்ட இரண்டு சொற்கள். நீங்கள் எடுக்கும் லீவின் பழைய பொருளே அனுமதி, வேலைக்கு வராமல் இருக்கக் கிடைக்கும் அனுமதி. தமிழிலும் பாருங்கள், 'விடுமுறை'க்குள் அந்த விடு உட்கார்ந்திருக்கிறது. "ஐ ஆம் லீவ்" என்று எழுதாமல் "ஐ ஆம் ஒன் லீவ்" என்று எழுதுங்கள். அதிபருக்குக் கொடுக்கும் கடிதத்தில் "நாளை லீவு எடுக்கிறேன்" என்று அறிவிப்பவர்களும் இருக்கிறார்கள், அனுமதியைக் கேட்டுத்தானே வாங்க வேண்டும், "தந்துதவவும்" என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள்.