ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்ப்பதில் எது மிகவும் கடினம்?

மூன்று வயது மகளுக்கு ஆட்டிசம் என்று இப்போதுதான் தெரிந்ததாகச் சொல்லி இதைக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் சேலம் அம்மாபேட்டை. பையனுக்கு ஒன்பது வயது, பேச்சு இன்னும் வரவில்லை.

ஊரார் பேச்சு கஷ்டம்தான், ஆனால் பழகிவிடும். எனக்கு இன்றுவரை பழகாதது, எங்கே வலிக்கிறது என்று அவனால் சொல்ல முடியாததுதான்.

போன வருடம் திடீரென்று தாடையில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். தட்டுவடை என்றால் உயிர், அதையே தள்ளிவிட்டான். ராத்திரி தூக்கம் இல்லை. "இந்தப் பிள்ளைங்க அப்படித்தான்" என்றார்கள் சிலர். "காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சு விடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. பல் டாக்டரிடம் காட்டினோம். கடைவாய்ப் பல் சொத்தை, வேர்வரை போயிருந்தது. அதைச் சரிசெய்ததும் அறைவது நின்றுவிட்டது.

அதனால் சொல்கிறேன். நேற்றுவரை இல்லாத பழக்கம் ஒன்று திடீரென வந்தால், அடம் என்று முடிவு கட்டும் முன் உடம்பைப் பாருங்கள். காது, பல், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல். அழவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் நமக்கே காது அடைக்கும். அவனுக்கு அது என்னவென்று புரியாமல் வீறிடுவான். ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் உறிஞ்சக் கொடுத்தால் அடங்குகிறான்.

இப்போது ஒரு உடம்புப் படத்தை வைத்துப் பழக்குகிறோம். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். பசித்தாலும் வயிற்றையே தொடுகிறான், பரவாயில்லை, அதுவும் சேதிதானே! படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று உங்களிடமும் சொல்வார்கள். நம்பாதீர்கள், படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை. மூன்று வயதிலேயே தொடங்கலாம்.

அப்புறம், மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் சேரும். சேலம் பக்கம் என்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய், வளர்ச்சிக் குறைபாட்டைச் சின்ன வயதிலேயே கண்டு உதவும் ஆரம்ப இடையீட்டு மையத்தை விசாரியுங்கள்.