மீன் டாக்கோ சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்: "மலிவு என்று தெரிந்துதானே வந்தீர்கள்?" என்கிறார் கடைக்காரர்

கேள்வி:

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். ஒன்பது நாட்களுக்கு முன் மகளின் பிறந்தநாளுக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு உணவகத்துக்குக் குடும்பமாகப் போனோம். "தோரா மீன் டாக்கோ, நான்கு 1,200 ரூபா" என்று வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள். சின்னவன் கோழி கேட்டான், மற்ற மூவரும் மீன் வைத்து மடித்த ரொட்டியான டாக்கோ சாப்பிட்டோம். அரை மணித்தியாலத்துக்குள் எனக்கும் மகளுக்கும் முகமும் கழுத்தும் சிவந்து எரிந்தன. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றோட்டம். தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இரவு முழுக்க வைத்திருந்தார்கள். பில் 28,500 ரூபா. பாதி சாப்பிட்ட கணவருக்கு லேசான தலைவலியோடு போய்விட்டது.

மறுநாள் முகாமையாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினோம். "உங்களுக்கு மீன் அலர்ஜி இருக்கும். அன்றைக்கு நூறு பேர் சாப்பிட்டார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. இந்த விலைக்குத் தோரா தர முடியுமா? அது கெலவல்லா. மலிவு என்று தெரிந்துதானே வந்தீர்கள்?" என்று பதில் வந்தது. (தோரா என்பது வஞ்சிரம், கெலவல்லா என்பது சூரை.) இப்போது ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தால் நான்கு பேருக்கு இலவசச் சாப்பாடு தருவதாகச் சொல்கிறார்கள். பில்லின் அடியிலும் "உணவினால் ஏற்படும் எந்தப் பாதிப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருக்கிறது. பார்சல் கட்டிய ஒரு டாக்கோவை அன்றிரவே ஃப்ரீசரில் வைத்தோம், இன்னும் இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்? முகநூலில் எழுதலாமா? இனி மலிவான கடல் உணவை நம்பலாமா?

பதில்:

சகோதரி, அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். இப்படிப்பட்ட கடிதங்களில் "இது தொடர்பில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். நான்கு சாப்பாட்டுக்காக உங்கள் உரிமையையும் மகளின் உரிமையையும் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

அடுத்ததாக, ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த அட்டையில்தான். உங்களுக்குப் பிறவியிலேயே மீன் ஒவ்வாமை இருந்து, அதைக் கடையில் சொல்லாமல் சாப்பிட்டிருந்தால், கடைக்காரர் மீது பழி சொல்வது கஷ்டம். ஆனால் நீங்கள் விவரிக்கும் அறிகுறிகள் இன்னொன்றுக்கும் அப்படியே பொருந்தும். அது ஹிஸ்டமின் நஞ்சேற்றம்.

கெலவல்லா, பலயா, தோரா, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடீன் என்ற பொருள் இயல்பாகவே அதிகம். பிடித்த பிறகு ஐஸ் போதாமல் கிடந்தால், கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பே சுரப்பதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால் இரண்டுக்கும் அறிகுறி ஒன்று, கொடுக்கும் மருந்தும் பெரும்பாலும் ஒன்று. அவசர சிகிச்சைப் பிரிவில் அவசரத்தில் "ஃபுட் அலர்ஜி" என்று மட்டும் எழுதிவிட இடமுண்டு. அப்படி எழுதியிருந்தால் அதே வைத்தியரிடம் திரும்பிப் போங்கள். மூன்று பேர் ஒரே மீனைச் சாப்பிட்டதையும், மூவருக்கும் வந்ததையும், சாப்பிட்ட அளவுக்கு ஏற்ப அது கூடிக் குறைந்ததையும், இதற்கு முன் எத்தனை வருடம் மீன் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாததையும் சொல்லுங்கள். ஒரே வீட்டில் மூவருக்கு ஒரே நாளில் புதிதாக மீன் ஒவ்வாமை தொடங்குவது நடக்கக்கூடியதா என்று அவர் மருத்துவராக எடைபோட்டு, தன் கருத்தை எழுத்தில் தரட்டும். என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது உங்களுக்கே பாதகமாகத் திரும்பும்.

"நூறு பேர் சாப்பிட்டார்கள்" என்ற வாதம் கேட்கப் பலமாகத்தான் இருக்கும். ஆனால் ஹிஸ்டமின் மீன் முழுக்க ஒரே அளவில் சேர்வதில்லை. ஒரே மீனில் ஒரு துண்டில் அதிகமாகவும் பக்கத்துத் துண்டில் குறைவாகவும் இருக்கலாம். உங்கள் மேசைக்கு வந்த துண்டு கெட்டிருந்தது என்பதை, அடுத்த மேசைக்காரர் நலமாக வீடு போய்ச் சேர்ந்தது பொய்யாக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். பொரித்தாலும் அவித்தாலும் உறைய வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. "நன்றாகப் பொரித்துத்தான் கொடுத்தோம்" என்று நாளை அவர்கள் சொல்லக்கூடும். அது பதிலே இல்லை.

மலிவு பற்றிய கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்த இடமும் இதுதான். ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவருக்கு நட்டஈடு இல்லை என்ற எதிர்வாதம் சட்டத்தில் உண்டு. ஆனால் அந்தக் குறிப்பிட்ட ஆபத்து என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அவர் சம்மதித்திருக்க வேண்டும். விலைப் பலகையைப் பார்த்தவர் விலைக்குத்தான் சம்மதித்தார். கெட்ட மீனுக்குச் சம்மதிக்கவில்லை. ஹிஸ்டமின் ஏறிய மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல மீன் போலவே இருக்கலாம். மா தோய்த்துப் பொரித்து, மேலே கோவாவும் காரச் சோஸும் தேசிக்காய்ப் புளியும் போட்டபின் பிறந்தநாள் பிள்ளை எதைக் கண்டுபிடிப்பாள்? 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் மனித நுகர்வுக்குத் தகுதியற்ற உணவையும், உடல்நலத்துக்குத் தீங்கு செய்யும் பொருள் உள்ள உணவையும் விற்கக் கூடாது என்கிறது. இத்தனை ரூபாவுக்குக் கீழே விற்றால் பரவாயில்லை என்று அதில் எந்தப் பிரிவும் இல்லை. மாதச் சம்பளத்தில் பிள்ளையின் பிறந்தநாளை ஒரு சின்னக் கடையில் கொண்டாடுகிறவருக்கும் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் சாப்பிடுகிறவருக்கும் அந்தச் சட்டம் ஒன்றுதான்.

பில்லின் அடியில் இருக்கும் "பொறுப்பல்ல" என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கவனயீனத்தால் ஏற்படும் உடற்காயத்துக்கான பொறுப்பை இப்படி ஒரு வரி அச்சிட்டுக் கழற்றிவிட 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதுவும் சாப்பிட்டு முடித்தபின் கையில் தரும் பில்லில் உள்ள வரி எப்படி ஒப்பந்தமாகும்?

முகாமையாளரின் வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். "அது தோரா இல்லை, கெலவல்லா" என்று அவர் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார். பலகையில் ஒரு மீனின் பெயரைப் போட்டு வேறு மீனைப் பரிமாறுவது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம், 31 ஆம் பிரிவுகள் தடைசெய்யும் ஏமாற்று நடத்தை. உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருந்தாலும் இது தனிக் குற்றம். செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு நிற்காமல், அது வந்த தொலைபேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுச் செய்திகளைச் சாட்சியமாக ஏற்க 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வழி செய்கிறது. ஆனாலும் மூலக் கருவி கையில் இருப்பது எப்போதும் நல்லது. வாசல் பலகையின் படம் உங்களிடம் இல்லையென்றால் இன்றே போய் எடுங்கள். நாளை அது மாறியிருக்கலாம்.

இனி எங்கே போவது? முதலில் பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம். பம்பலப்பிட்டி கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் வருவதால், சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். (கடை தெஹிவளைப் பக்கம் இருந்திருந்தால் தெஹிவளை கல்கிசை மாநகர சபைக்குப் போக வேண்டும்.) சமையலறைக்குள் நுழையவும், குளிரூட்டியைத் திறந்து பார்க்கவும், மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பவும், நீதிவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் பி.எச்.ஐ.க்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கோ எனக்கோ அது இல்லை. அந்த வழக்கில் உங்கள் கைக்குப் பணம் வராது. ஆனால் அதே குளிரூட்டியிலிருந்து மீன் சாப்பிடப் போகும் அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. ஒன்பது நாள் பிந்திவிட்டது, இன்னும் பிந்த வேண்டாம்.

ஃப்ரீசரில் உள்ள டாக்கோ பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "உங்கள் வீட்டில் வைத்துத்தான் கெட்டது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். கடையிலிருந்து ஃப்ரீசர் வரை எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று கேட்பார்கள். அதுவும் அன்று நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். அதனால் அந்தப் பார்சலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஆனாலும் எறிந்துவிடாதீர்கள். திறக்காமல் அப்படியே ஒரு பையில் போட்டு, திகதியும் நேரமும் எழுதி, யார் எத்தனை மணிக்கு ஃப்ரீசரில் வைத்தார் என்பதையும் குறித்து, பி.எச்.ஐ.யிடம் கையளித்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போக மூன்று மாதக் கெடு உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும். தோரா என்று சொல்லிக் கெலவல்லா கொடுத்த விடயத்துக்கு அதுவே சரியான இடம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அவர்களால் முடியும். இரண்டு இடத்துக்கும் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது. யாராவது "சிங்களத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றால், அதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவையும் நீங்கள் பட்ட வேதனைக்கான நட்டஈட்டையும் பெறுவதற்கு வழி சிவில் சட்டத்தில் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியவர் என்ற வகையில் உங்கள் கணவர் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், விற்ற பொருள் உண்ணத் தகுதியாக இருக்கவில்லை என்று வாதிடலாம். அங்கே கடைக்காரரின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை. மகள் எதையும் வாங்கவில்லையே, அவளுக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். 1932 இல் ஸ்கொட்லாந்திலிருந்து பிரித்தானியப் பிரபுக்கள் சபைக்கு வந்த இஞ்சிப் பியர் வழக்கிலும் இதே கேள்விதான். போத்தலுக்குள் அழுகிய நத்தை இருந்ததாகச் சொன்ன பெண்ணுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய நண்பர். வாங்காவிட்டாலும் உண்பவர் மீது தயாரித்தவருக்குக் கவனக் கடமை உண்டு என்று தீர்ப்பானது. நம் நாட்டுச் சிவில் வழக்குகளுக்கு அடிப்படையான உரோமன் டச்சுச் சட்டத்திலும் கவனயீனத்துக்காக வழக்கு வைக்கலாம், பிள்ளைக்காகப் பெற்றோர் வைக்கலாம். காலாவதிக் கட்டளைச் சட்டப்படி தீங்குக்கான வழக்குக்கு இரண்டு வருடம், எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம்.

ஆனால் இந்தத் தொகைக்காக நேரே புதுக்கடை நீதிமன்றத்துக்கு வர வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், செலவு 28,500 ரூபாவை விழுங்கிவிடும். பி.எச்.ஐ. முறைப்பாட்டின் பிரதி, வைத்தியரின் கடிதம், பில்கள், வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை இணைத்துச் சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பதினான்கு நாள் அவகாசம் கொடுங்கள். கையில் இவ்வளவும் இருக்கும்போது பெரும்பாலானோர் பேச வருவார்கள். வராவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபை இருக்கிறது. சிறு தொகைப் பிணக்குகள் எப்படியும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

முகநூலில் இப்போது எழுதாதீர்கள். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் சிவில் அவதூறு வழக்கு இன்னும் உண்டு, இணையத்தில் பொய்த் தகவல் பதிவதைக் குற்றமாக்கும் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. முறைப்பாடு செய்து வைத்தியரின் கடிதமும் கிடைத்த பிறகு எழுத விரும்பினால், என்றைக்கு எங்கே என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, எங்கே முறைப்பாடு செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். "நஞ்சு கொடுத்தார்கள்", "அழுகிய மீன் விற்கும் கூட்டம்" என்பவை வேண்டாம். மகளின் சிவந்த முகப் படமும் வேண்டாம்.

மலிவான கடல் உணவை நம்பலாமா என்று கேட்டீர்கள். மலிவான மீன் வேறு, மலிவாக விற்கப்படும் விலையுயர்ந்த மீன் வேறு. சாளையும் சூடையும் திலாப்பியாவும் விலை குறைவு என்பதற்காகக் கெட்ட மீன் ஆகிவிடாது. மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியாக் கரையில் மீன் டாக்கோ தெருக்கடைச் சாப்பாடுதான், அன்றன்று பிடித்த மீனில் செய்வார்கள். சந்தையில் விலை கூடிய தோரா கடைப் பலகையில் மட்டும் மலிவாகிவிட்டால் அங்கே கேள்வி கேளுங்கள். "இன்றைக்கு என்ன மீன்?" என்று பரிமாறுபவரிடம் கேட்டால் அவர் ஒரு மீனின் பெயரைச் சொல்ல வேண்டும். "ஃபிஷ்தான் மேடம்" என்று பதில் வந்தால் நான் கோழிக்கு மாறிவிடுவேன். வாயில் வைத்ததும் மிளகு குத்துவதுபோல் நாக்கு எரிந்தால், அது சோஸின் காரமாக இல்லாவிட்டால், துப்பிவிட்டுத் தட்டை அப்படியே படம் எடுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.

இன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களும் கணவரும் தனித்தனியாக உட்கார்ந்து, அன்று நடந்ததை மணிவாரியாக எழுதிக் கையெழுத்திட்டுத் திகதி போடுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். நாளைக் காலை மாநகர சபைக்குப் போகும்போது பார்சலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போங்கள்.