கம்போஸ்ட் டீ இரண்டாம் நாளே நாறுவது ஏன்?

கேள்வி: கம்போஸ்ட் டீ (மட்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காற்று ஓட்டி எடுக்கும் பயிர்க் கரைசல்) தயாரிக்க, 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து, 5 கிலோ மண்புழு உரத்தைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, 2 கிலோ வெல்லம் கரைத்து, இரண்டு சிறிய மீன்தொட்டி மோட்டார்களை ஓட்டுகிறேன். இரண்டாம் நாளே சாக்கடை வாடை அடிக்கிறது. உரத்தின் அளவைக் கூட்ட வேண்டுமா?

பதில்: உரம் போதும். வெல்லம்தான் பத்து மடங்கு அதிகம். காற்றோ மிகக் குறைவு.

இனிப்பு கிடைத்ததும் பாக்டீரியா மளமளவெனப் பெருகி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அதன்பின் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் தலைதூக்கும். அந்த வாடை அவற்றுடையது. ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையவே கூடாது. வெயில் காலத்தில் இது இன்னும் சிரமம்: 20 டிகிரி செல்சியஸில் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான்.

நுரைக்கு இடம்விட்டு 180 லிட்டர் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். வெல்லம் 200 கிராம் போதும். நிமிடத்துக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் காற்று தள்ளும் பம்ப் வேண்டும். சிறிய மீன்தொட்டி மோட்டார் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு லிட்டர் தந்தாலே அதிகம். குழாயை வளையமாக்கி, 3 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, டிரம்மின் அடியில் படிய வையுங்கள். ஓரத்தில் வண்டல் தேங்கினால் அங்கேதான் அழுகல் தொடங்கும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் பின்னோக்கி ஏறி அதைக் கெடுத்துவிடும்.

துணிக்குப் பதிலாக 400 மைக்ரான் (0.4 மில்லிமீட்டர்) துளையுள்ள நைலான் வலைப்பையில், இறுக்கிக் கட்டாமல், உரத்தைத் தளர்வாகப் போடுங்கள். நெருக்கமான துணி பூஞ்சை இழைகளை வெளியே விடாது. குளோரின் கலந்த தண்ணீரானால், உரம் போடுமுன் ஒரு நாள் காற்று ஓட்டி வைத்திருங்கள்.

24 மணி நேரம் போதும். வெயில் கொளுத்தினால் 18 மணி நேரத்திலேயே முகர்ந்து பாருங்கள். மழை நனைத்த மண்ணின் வாசனை வந்தால் உடனே எடுங்கள். பம்பை நிறுத்திய நாலைந்து மணி நேரத்துக்குள் தெளித்துவிட வேண்டும். இலைக்கு ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். முன்பு பூஞ்சைக்கொல்லி அடித்த தெளிப்பானை நன்றாகக் கழுவாமல் இதற்கு எடுக்காதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மண்புழுத் தொட்டி உரம் கம்போஸ்ட் குவியல்போல் 55 டிகிரிக்குமேல் சூடாவதில்லை. புழுவுக்குப் பச்சைச் சாணம் போட்டிருந்தால் ஈ. கோலை போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம். வெல்லம் அவற்றையும் வளர்க்கும். பச்சையாகச் சாப்பிடும் கீரை, காய்களின்மேல் இதைத் தெளிக்கவே வேண்டாம்.

முடிந்ததும் டிரம், குழாய், பை மூன்றையும் அன்றே தேய்த்துக் கழுவுங்கள். குழாயின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி ஊறவையுங்கள். அந்தப் படலம் மிஞ்சினால் அடுத்த முறையும் நாறும். நடுவில் அரை மணி நேரத்துக்குமேல் காற்று நின்று வாடை மாறினால், அந்தத் தண்ணீரைப் பயிருக்குக் கொடுக்காமல் குப்பைக் குவியலில் ஊற்றிவிடுங்கள்.