இரண்டு இரவுக்கு எவ்வளவு சாமான் வாங்குவது?

கேள்வி: நானும் நண்பனும் மூன்று நாள் மலையில் தங்கப்போகிறோம். காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடக்கூடிய சின்ன உச்சிகள்தான். இரவில் கூடாரம். இருவருக்கும் இதுதான் முதல் முறை. வாங்க வேண்டியவை என்று நாற்பது பொருள் கொண்ட பட்டியல் ஒன்று கிடைத்தது. எதை வாங்குவது, எதை விடுவது?

பட்டியலை மடித்து வையுங்கள். முதல் பயணத்துக்குக் காசு போட வேண்டியது ஷூ, மழைச்சட்டை, தலையில் மாட்டும் விளக்கு, நல்ல காலுறை இரண்டு ஜோடி. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், பாய், அடுப்பு எல்லாவற்றையும் வாடகைக்கு எடுங்கள், அல்லது தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை போகத் தோன்றினால் அப்போது வாங்கிக்கொள்ளலாம். எதில் அவதிப்பட்டீர்கள் என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும்.

ஷூவை மட்டும் இரவல் வாங்காதீர்கள். நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மலையில் போடப்போகும் அதே காலுறையோடு கடைக்குப் போங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். அப்புறம் கயிறை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். கால் விரல் நுனி முட்டுகிறதா? அந்த ஜோடி வேண்டாம். ஏறும்போது பல்லைக் கடித்துச் சமாளித்துவிடலாம். இறங்கும்போதுதான் நகம் கறுத்துப்போகும்.

கேள்வி: பாதி விலைத் தள்ளுபடியில் மலையேற்ற ஷூ கிடைக்கிறது. பழைய ஸ்டாக் என்கிறார்கள். வாங்கலாமா?

எத்தனை வருடப் பழையது என்று கேளுங்கள். என் கதையைச் சொல்கிறேன். ஆறு வருடம் அலமாரியில் தூங்கிய ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டே முறை போட்டது, பார்க்கப் புத்தம் புதுசு. உச்சி வரை ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது வலது காலில் 'சப் சப்' என்று சத்தம். குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முன்பக்கம் வாய் பிளந்து தொங்குகிறது. விரலால் தொட்டேன், காய்ந்த களிமண் மாதிரி உதிர்ந்தது. கூட வந்த நண்பர் கூடாரக் கயிற்றை அவிழ்த்து ஷூவைச் சுற்றிக் கட்டிவிட்டார். மீதி மூன்று மணி நேரமும் அந்தக் கட்டோடுதான் இறங்கினேன்.

பல மலை ஷூக்களில் மேல்பாகத்துக்கும் அடித் தட்டுக்கும் நடுவே பாலியூரிதேன் நுரை இருக்கும். காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இதேதான். ஆகவே தள்ளுபடி ஷூ என்றால் தயாரித்த தேதியைப் பாருங்கள். நாக்கின் உட்புறம் தைத்திருக்கும் சின்னச் சீட்டில் பெரும்பாலும் இருக்கும். நான்கைந்து வருடம் தாண்டியிருந்தால் நான் தொடமாட்டேன்.

கேள்வி: 'இருவர் கூடாரம், 3000 மி.மீ.' என்று போட்டிருக்கிறதே, அந்த மி.மீ. என்ன? இருவருக்கு இடம் போதுமா?

அது துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் ஒழுக ஆரம்பிக்கும் என்ற கணக்கு. சாதாரண மழைக்கு மேல் துணி 1500 இருந்தாலே தாங்கும். தரைத்துணிக்குத்தான் கூடுதலாக வேண்டும், முழங்காலை ஊன்றினால் அழுத்தம் அங்கேதான் விழுகிறது. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தையல் மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா, மேல் துணி தரை வரை இறங்குகிறதா, காற்றுப் போக வழி இருக்கிறதா என்பதும் அதே அளவுக்கு முக்கியம். காலையில் உள்பக்கம் ஈரமாக இருந்தால் உடனே 'ஒழுகுகிறது' என்று கடையில் சண்டைக்குப் போய்விடாதீர்கள். இரண்டு பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருக்கலாம்.

'இருவர்' என்றால் இரண்டு பாயைப் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கலாம் என்று அர்த்தம், அவ்வளவுதான். பாய் பொதுவாக 51 செ.மீ. அகலம், இரண்டுக்கு 102. கூடாரத்தின் தரை 120, 130 செ.மீ. இருக்கும். பைகளை வெளியே, வாசல் முன்னால் மேல் துணி மூடியிருக்கும் இடத்தில் வைக்க மனமிருந்தால் சரி. இல்லையென்றால் மூவர் கூடாரம் எடுத்து, துணியை ஒருவரும் கம்பிகளை ஒருவரும் சுமந்து போங்கள். வாடகைக் கூடாரம் என்றால் கடையிலேயே பிரித்து, கம்பி, முளை, ஜிப் எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு நகருங்கள். முளை ஒன்று குறைந்தாலும் மலையில்தான் தெரியவரும்.

கேள்வி: 0 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக் என்றால் 0 டிகிரியில் நன்றாகத் தூங்கலாம்தானே?

எந்த 0 என்பதைப் பொறுத்தது. ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பையில் மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். முதலாவது, சராசரிப் பெண் ஒருவர் கை கால் நீட்டிச் சுகமாகத் தூங்கக்கூடியது. இரண்டாவது, சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடியது. மூன்றாவது உயிர் தப்புவதற்கான எல்லை. அதில் தூக்கமெல்லாம் கிடையாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் முதலாவது எண்ணாக இருக்காது. ஆணோ பெண்ணோ, முதலாவதைப் பார்த்தே எடுங்கள்.

உங்களுக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் இரவு 15 டிகிரி, நீங்கள் படுப்பது 1200 மீட்டர் மேலே என்றால் அங்கே சுமார் 7 டிகிரி. காற்றையும் மனதில் வைத்து 5 அல்லது அதற்குக் கீழே இருப்பதை எடுத்தால் நிம்மதி.

அப்புறம், பாயில் கஞ்சத்தனம் வேண்டாம். உடம்பின் பாரத்தில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் அங்கே சூடு நிற்காது; தரைக் குளிரைத் தடுப்பது பாய்தான். பாயில் 'ஆர்' மதிப்பு என்று ஓர் எண் இருக்கும், கூடக்கூட நல்லது. குளிர்காலம் இல்லையென்றால் 2 போதும்.

கேள்வி: தலைவிளக்கு ஒன்று 100 மணி நேரம் எரியும் என்கிறார்களே, நம்பலாமா?

எரியும். எவ்வளவு வெளிச்சத்தோடு என்றுதான் கேட்க வேண்டும். வழக்கமான சோதனை முறையில், தொடக்க வெளிச்சம் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரையுள்ள நேரம் முழுவதையும் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். மாற்று பேட்டரி எடுத்துப் போங்கள்.

கேள்வி: கேஸ் அடுப்பு எடுத்துப் போவதில் கவனிக்க என்ன இருக்கிறது?

விமானத்தில் போவதானால் கேஸ் உருளையைக் கைப்பையிலும் வைக்க முடியாது, பெரிய பெட்டியிலும் வைக்க முடியாது. இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது உங்கள் அடுப்பின் மரை அந்த உருளைக்குப் பொருந்துகிறதா என்று மாட்டிப் பாருங்கள். வெறும் பியூட்டேன் உருளை 0 டிகிரியை நெருங்கினாலே திணறும், புரொப்பேன் கலந்தது பரவாயில்லை. மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: நண்பனும் நானும் பாதிப் பாதி போட்டு ஒரு நல்ல கூடாரம் வாங்கலாம் என்கிறான். சரிதானே?

வேண்டாம். அடுத்த வருடம் ஒருவர் ஊர் மாறுவார், ஒருவருக்குக் கல்யாணமாகும், கூடாரத்தை இரண்டாக வெட்ட முடியாது. அப்படியே வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் கூடாரம் ஒருவர் காசில், அடுப்பும் பாத்திரமும் இன்னொருவர் காசில், பில்லும் அவரவர் பெயரில் இருக்கட்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் திரும்பி வந்த அன்றே யார் வீட்டில் அதைக் காயப்போடுவது என்ற வழக்கும் வராது.